சிக்கலான எழுத்து யாருக்கு வேண்டும்?

ரெடிமேடாகக் கிடைக்கும் மென்பொருளை இறக்கிப் போட்டுக்கொள்கிறவர்களைக் கண்டாலே எனக்கு இளக்காரம். செஞ்சியிலேயே மூல நிரலிலிருந்து சொந்தமாக உருவாக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற நினைப்பு.

என் மனைவி சிங்கவரத்தில் ஆசிரியை. மறுநாள் பரீட்சை. கேள்வித்தாள் அடிக்க வேண்டிய லேப்டாப் செத்துப்போனது. மிச்சமிருந்தது உள்ளங்கை அகலத்தில் என்னுடைய குட்டிக் கம்ப்யூட்டர். மெமரி ஒரே ஜிபி. தட்டச்சு செய்யும் மென்பொருள் எதுவும் அதில் இல்லை.

"ரெடியா இருக்கறத போட்டா இன்னாங்க?" என்றாள்.

"அதெல்லாம் சோம்பேறிங்களுக்கு. நானே பண்ணித் தரேன்."

அன்று காலையிலேயே மூல நிரலிலிருந்து அதை உருவாக்கும் வேலையை ஓடவிட்டேன். மெமரி நிரம்பி அப்படியே உறைந்தது. ஆங்கிலக் குறிப்புகளைப் பார்த்து, தேவையில்லாத பகுதிகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். 'சிக்கலான எழுத்துமுறைகளுக்கு' என்று ஒன்று இருந்தது. எந்த நாட்டுக்காரனுக்கோ, நமக்கெதற்கு? அதையும் வெட்டினேன். சாயங்காலம் வேலை முடிந்தது.

அவள் முதலில் ஊர்ப்பெயரை அடித்தாள். 'செ'யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது.

"இன்னாங்க இது, கொம்பு பின்னாடி நிக்குது?"

எழுத்துருவைத் திட்டிக்கொண்டே அந்தக் குறிப்பை முழுசாகப் படித்தேன். அடுத்த வரியிலேயே தமிழ் என்று போட்டிருந்தது.

"கொஞ்சம் நகருங்க" என்று அவளே ரெடிமேடை இறக்கினாள். கொம்பு முன்னால் வந்து நின்றது. எங்கோ முகம் தெரியாத யாரோ நம் எழுத்தை மறக்காமல் சேர்த்திருக்கிறார்.

இப்போது என் இளக்காரம் முழுவதும் ஒரே ஆள்மேல்தான். சிக்கலான எழுத்து என்றதும், அது தன்னுடையது என்றுகூடத் தெரியாமல் வெட்டி எறிந்த அந்த மேதாவிமேல்.