தரையில் இருந்த பாட்டில்

பதினோராம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறவள் நான். வருஷம் தவறாமல் நெஞ்சுக்கூட்டைக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். நடுவில் மார்பெலும்பு, இருபுறமும் பன்னிரண்டு விலா. மேல் ஏழும் நேராக மார்பெலும்பில் சேரும். அடுத்த மூன்றும் ஏழாவதின் குருத்தெலும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கடைசி இரண்டும் முன்பக்கம் எதிலும் ஒட்டாது. அவற்றைக் கடைசி பெஞ்சு என்பேன், பிள்ளைகள் சிரிப்பார்கள். என் வீட்டுக்காரர் ஆற்றில் வழுக்கி விழுகிற வரைக்கும் அது எனக்கு வெறும் படம்தான்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஆற்றுக் குளியல்தான் ஆபீஸ். துண்டும் சோப்புப் பெட்டியுமாகக் குறுக்குத்துறைக்குப் போனால் ஊர்வம்பு முழுக்கப் பேசி முடித்துவிட்டுத்தான் திரும்புவார். கார்த்திகை மழையில் ஆறு பெருகி வடிந்திருந்த நேரம். படியெல்லாம் வண்டலும் பாசியுமாகக் கிடக்கிறது, போக வேண்டாம் என்றேன். "பொறந்ததுலேருந்து குளிக்கிற ஆறு, என்னையத் தள்ளி விட்ருமோ?" என்று போனார். படி விளிம்பில் இடது விலா மோத விழுந்தவரை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள்.

"ஒண்ணுமில்லட்டி, லேசா வழுக்கிட்டு" என்றார். அரை இட்லிக்கு மேல் இறங்கவில்லை. படுக்க முடியாமல் நாற்காலியில் சாய்ந்தே இருந்தார். மூச்சை முழுதாக இழுக்காமல், பாதியில் நிறுத்தி நிறுத்தி விட்டார். ரொம்ப வலிக்கா என்று கேட்டதற்கு, "நீ பேசாம இருந்தா வலிக்கல" என்றார். என் வாய்க்கு ஊரில் பெயர் உண்டு. நரம்பில்லாத நாக்கு என்று என் அம்மாவே சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலையில் தைலத்தைச் சூடு பண்ணி அவர் விலாவில் தடவினேன். என் விரலுக்கு அடியில், அவர் தோலுக்குள்ளே, ஏதோ நொறுங்கியது. பொரித்த அப்பளத்தை ஈரத்துணிக்கு மேலாகத் தொட்டால் எப்படி இருக்கும், அப்படி. கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் நொறுங்கியது. அது காற்று என்று எனக்குத் தெரியும். இருக்கக்கூடாத இடத்தில் காற்று வந்திருக்கிறது.

நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள், இடையில் கொஞ்சம் ஈரம். நனைந்த இரண்டு கண்ணாடித் துண்டுகள் ஒட்டிக்கொள்வது போல அந்த ஈரத்தால்தான் நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டி, விரிந்து நிற்கிறது. அந்த இடுக்கில் காற்றோ ரத்தமோ புகுந்தால் நுரையீரல் சுருண்டுவிடும். உடைந்த விலாவின் முனை உள்ளே குத்தியிருக்க வேண்டும். ஆட்டோவில் போகும்போது ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவர் என் கையை இறுக்கினார். நான் எதுவும் பேசவில்லை. அதைப் பார்த்துத்தான் அவருக்கும் பயம் வந்தது என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்ததும் குழாய் போட வேண்டும் என்றார்கள். திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். டாக்டரம்மா அவருடைய அக்குளுக்குக் கீழே விரலால் ஒவ்வொரு விலாவாக எண்ணி, ஒன்றின் மேல் விளிம்பை ஒட்டிக் கத்தியை வைத்தார். விலாவின் கீழ் விளிம்பில் ரத்தக்குழாயும் நரம்பும் ஒளிந்து ஓடுகின்றன, அங்கே கத்தி படக்கூடாது. என் வகுப்பில் அது ஒரு மார்க் கேள்வி.

குழாயின் மறுமுனை ஒரு பாட்டிலில், தண்ணீருக்குள் முங்கியிருந்தது. பாட்டில் கட்டிலுக்கு அடியில் தரையில். "இது எப்பவும் நெஞ்சுக்குக் கீழதான் இருக்கணும். மேல தூக்கிட்டா, வெளிய வந்த தண்ணி ரத்தமெல்லாம் திரும்ப உள்ள போயிரும்" என்று டாக்டரம்மா சொன்னார்.

அவர் மூச்சை இழுத்தால் குழாயில் தண்ணீர் மேலே ஏறும், விட்டால் இறங்கும். நான் அவர் முகத்தைப் பார்த்ததைவிட அந்தத் தண்ணீரைப் பார்த்ததுதான் அதிகம். சிவப்பு நாளுக்கு நாள் வெளுத்தது. நுரையீரல் விரிகிறது, சீக்கிரமே குழாயை எடுத்துவிடலாம் என்றார்கள். அவரும் ஒரு தோசை முழுதாகச் சாப்பிட்டார்.

அன்றைக்குத்தான் திருச்செந்தூரிலிருந்து அவருடைய அக்கா வந்தார். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். பன்னீர் இலை விபூதியைத் தம்பி நெஞ்சில் பூசிவிட்டுக் குனிந்தவர், பாட்டிலைப் பார்த்ததும் அதிர்ந்துபோனார்.

"இது ரத்தம்லா? எங்க அம்ம குடுத்த ரத்தம். வாரவன் போறவன் கால் படுத மாதிரி இப்பிடித் தரையில வச்சிருக்கியளே!"

"மதினி, அது கீழதான் இருக்கணும். தூக்குனா அவுக நெஞ்சுக்குள்ள திரும்பப் போயிரும். தொடாதிய."

"சரி தாயி, நான் ஏன் தொடுதேன்" என்றார். ஆனாலும் கண் அதிலேயே இருந்தது. புத்தகத்தில் தவறிக் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற குடும்பம் எங்களுடையது. யாராவது அந்தப் பக்கம் நடந்தாலே, "பாத்து, பாத்து" என்று சேலையை இழுத்துப் பாட்டிலை மறைத்தார்.

நான் மருந்து வாங்கக் கீழே போனேன். கடையில் கூட்டம். திரும்பி வந்தபோது தரை பினாயில் வாடையோடு ஈரமாக இருந்தது. கட்டிலுக்கு அடியில் பாட்டில் இல்லை. தலைமாட்டில் இருந்த ஸ்டாண்டில், குளுக்கோஸ் பாட்டிலுக்குப் பக்கத்தில் அதையும் மதினி தொங்கவிட்டிருந்தார். பக்கத்திலேயே நின்று தம்பியின் தலையைக் கோதிக்கொண்டிருந்தார். தம்பி இருமிக்கொண்டிருந்தார்.

"தரை துடைக்கிறவ வந்தா தாயி. அழுக்குத் துணி அதுல பட இருந்திச்சு. செத்த நேரம் மேல வச்சேன்."

பாட்டிலை இறக்கினேன். உள்ளே தண்ணீர் பாதிகூட இல்லை. அந்த நிமிஷத்தில் மதினியை நான் வெறுத்தேன், அதை மறைக்க மாட்டேன். நர்ஸ் ஓடிவந்தார், டாக்டரம்மா வந்தார், ஊசி போட்டார்கள், புது பாட்டில் வைத்தார்கள். மதினி ஓரமாக நின்று முருகனைக் கூப்பிட்டார். எதற்கு இந்த ஓட்டம் என்று அவருக்கு விளங்கவில்லை. ரத்தத்தைக் கால் படாமல் காப்பாற்றியதுதான் அவருக்குத் தெரியும்.

பிறகு காய்ச்சல் வந்தது. குழாயில் வருவது கலங்கி, மஞ்சளாகி, வாடையடித்தது. ஒரு காலையில் பார்க்கிறேன், குழாயில் தண்ணீர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நுரையீரல் முழுக்க விரிந்தாலும் அது நிற்கும், குழாய் அடைத்தாலும் நிற்கும். எது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடைப்புதான் என்று டாக்டரம்மாவின் முகமே சொல்லிவிட்டது. மூச்சுக்கு மிஷின் வைத்தார்கள். மிஷின்தான் அவர் நெஞ்சை ஏற்றி இறக்கியது. அதையும் ஒரு நாள் எடுத்தார்கள்.

பாட்டிலைத் தூக்கியதால்தானா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அப்படியும் இருக்கலாம். விலா உடைஞ்ச வயசானவங்களுக்கு எப்படியும் சளி கட்டி இப்படி ஆகலாம். உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றார். இதைவிட, ஆமாம் என்றே சொல்லியிருக்கலாம்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வீடு நிறைய ஆட்கள். மதினி கூடத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "எல்லாரும் மிதிச்சிட்டுப் போற எடத்துல வச்சிருந்தாவ. நான் ஒருத்திதான் எந்தம்பி ரத்தத்தக் கால் படாமப் பாத்துக்கிட்டேன். அந்த ஒரு நிம்மதி எனக்குப் போதும்." என்னைப் பார்த்தார். "ஏட்டி, நீயே சொல்லு. நான் பாத்துக்கிட்டேம்லா?"

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். மார்பெலும்புக்குப் பின்னாலிருந்து ஒரு சொல் ஏறி வந்து தொண்டையில் நின்றது. வாழ்க்கையில் எந்தச் சொல்லையும் அங்கே நிறுத்தி வைத்தவள் இல்லை நான். மதினியின் நெஞ்சு சேலைக்கு அடியில் விம்மி விம்மி அடங்கியது.

"ஆமா மதினி" என்றேன். "ஒரு கால்கூடப் படல."