அண்ணி கொடுத்த வாரண்டி
தையல் கடையிலும் ஜெராக்ஸ் கடையிலும் கையைச் சுட்டுக்கொண்ட பிறகும் என் அண்ணி ஓயவில்லை. வெள்ளிக்கிழமை உலகம் அழியும் என்று ஊரே புலம்பியபோது, அந்தத் தேதியைக் காபிக் கப்புகளில் அச்சடித்து விற்றாள். கூடவே ஒரு வருட வாரண்டி.

"அழியப்போற உலகத்துல வாரண்டி எதுக்கு அண்ணி?" என்று சிரித்தேன்.

"என் கடை, என் இஷ்டம். நீ வேலையப் பாரு."

சனிக்கிழமை கடை திறந்ததுமே ஒருவர் கப்பை மேசைமேல் டொக்கென்று வைத்தார். "உலகம் அழியவே இல்லையே! காசைத் திருப்பிக் குடும்மா."

அண்ணி கப்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. அதை அவர் கையிலேயே திணித்தாள்.

"வாரண்டி கப்புக்குத்தான் சார், உலகத்துக்கு இல்ல."