கிட்டார் கழுத்தின் ஓரம்

எங்கள் ஊர் மாதா கோயிலில் பாடற்குழுவுக்கென்று ஒரு கிட்டார் இருந்தது. வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் சொந்த நாட்டுக்குத் திரும்பியபோது விட்டுச் சென்றது. பண்ணை வீட்டு மகன்தான் அதை வாசித்துவந்தார். திருச்சியில் படித்தவர், விரல்கள் நீளமானவை. நான் எதிர்ப்பக்கம் பெண்களோடு நின்று பாடுவேன். கோயிலுக்குள் அவர்கள் தெரு எந்தப் பக்கம், எங்கள் தெரு எந்தப் பக்கம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் யாரும் மாற்றி உட்கார்ந்ததில்லை.

அந்த வருஷம் சம்பா அறுப்பில் கூலித் தகராறு வந்தது. அரசாங்கம் சொன்ன கூலியைக் கொடுத்தால்தான் வயலில் இறங்குவோம் என்றார்கள் எங்கள் தெருவினர். பண்ணை வீடு வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தது. எங்கள் தெருவினர் வரப்பிலேயே மறித்து, அவர்களை இறங்கவிடவில்லை. சாலையில் போலீஸ் வேன் நின்றது. கழகத்துக்காரர்கள் இரண்டு தெருவிலும் இருந்தார்கள். செங்கொடி எங்கள் தெருவில் மட்டும் இருந்தது. இரண்டு ஞாயிறு கழிந்ததும் பண்ணை வீட்டார் பூசைக்குக் காரில் திருவாரூர் போகத் தொடங்கினார்கள். கிட்டார் வாசிக்க ஆளில்லாமல் போயிற்று.

நான் அப்போது ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். பயிற்சி விடுதியில் ஒரு சிஸ்டரின் கிட்டாரில் கொஞ்சம் பழகியிருந்தேன். கோயிலின் பாதிரியாரான பங்குச்சாமி கூப்பிட்டு, "நீ வாசிம்மா" என்றார். சரி என்றேன்.

முதல் பாட்டிலேயே கை நோக ஆரம்பித்தது. சிஸ்டரின் கிட்டாருக்குக் கழுத்து மெல்லியது. கை தானாகச் சுற்றிக்கொள்ளும். இதன் கழுத்து ஏணிச் சட்டம் மாதிரி இருந்தது. கட்டைவிரல் பின்னால் நின்றால் மற்ற விரல்கள் கம்பிக்கு எட்டவில்லை. விரல்கள் எட்டினால் கட்டைவிரல் வழுக்கியது. அதைவிட மோசம் ஓரம். விரல் பதிக்கும் பலகையின் விளிம்பு சீவாத மூலையாக இருந்தது. பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கீற்றுகளின் நுனிகள், பனி முடிந்து வெயில் ஏறியதும் மரம் சுருங்கியதால், வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கையை மேலும் கீழும் நகர்த்தினால் கருக்கரிவாளின் பல்லில் உரசுவது போல இருக்கும்.

எனக்கு இடதுகை ஆள்காட்டி விரலின் அடியில் முந்தைய அறுப்பில் பட்ட வெட்டுக்காயம் உண்டு. ஆறித் தடித்திருந்தது. கழுத்தின் கீழ் ஓரம் மிகச் சரியாக அங்கேதான் உட்கார்ந்தது. மூன்றாவது ஞாயிறு, காணிக்கைப் பாட்டின்போது தோல் பிரிந்து ரத்தம் வந்தது. பாவாடையில் துடைத்துக்கொண்டு பாட்டை முடித்தேன்.

அந்த வாரமே தவக்காலம் பிறந்தது. ஈஸ்டர் பண்டிகையான பாஸ்கா வரையில் கோயிலில் வாத்தியம் கிடையாது. கீற்று நுனிகளை ராவிக்கொண்டு வரட்டுமா என்று சாமியிடம் கேட்டேன். தலையாட்டினார்.

ஊரில் இருந்த ஒரே ஆசாரி ஏர், வண்டி, கதவு செய்பவர். களத்தில் நெல் அளந்தால்தான் அவருக்கும் பங்கு. அறுப்பு நின்றதால் அவரும் சும்மாதான் இருந்தார். கிட்டாரை அதற்கு முன் அவர் தொட்டதில்லை. மடியில் கிடத்தி, கழுத்தைக் கையால் இரண்டு தடவை தடவிப் பார்த்தார்.

"அரிவாப் பிடியை எவனாவது இப்படி மூலையோட விடுவானா? நாள் முச்சூடும் பிடிக்கிற சாமானாச்சே" என்றார். "எங்க குத்துது, காட்டு."

காட்டினேன். நுனிகளை அரத்தால் ராவினார். பிறகு விளிம்பின் மூலையை, கண்ணாடிச் சில்லை வைத்துச் சுரண்டிச் சுரண்டி உருட்டினார். மாவு போல மரத்தூள் விழுந்தது. பிடித்துப் பார்த்தேன். ஓரம் இருப்பதே தெரியவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"பின்னாடியும் கொஞ்சம் எடுக்க முடியுமாண்ணே?" என்று கேட்டேன்.

"உள்ள இரும்பு கிரும்பு இருந்தா உளி மழுங்கிருமே?"

தட்டிப் பார்த்தார். யோசித்தார். "சாமி ஒத்துக்கிட்டாரா?"

"ஒத்துக்கிட்டார்" என்றேன். அது பொய்.

நான்கு மத்தியானங்கள் ஆயின. அவர் கொஞ்சம் இழைப்பார். நான் பிடித்துப் பார்த்து, சாக்பீஸால் கோடு போட்டுத் தருவேன். கட்டைவிரல் வரும் பக்கம் கூடுதலாக எடுக்கச் சொன்னேன். மெருகெல்லாம் போய் வெறும் மரம் வெளியே வந்தது. தேங்காய் எண்ணெய் தடவிக் கொடுத்தார். ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்த வேண்டிய, அதுவரை பிடிக்கவே முடியாதிருந்த எஃப் கார்டு அன்று முதல் முறையாகச் சுத்தமாகக் கேட்டது. எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது.

அதற்குள் தாலுகா ஆபீசில் மூன்று முறை பேச்சு நடந்து, கூலி ஒத்துக்கொள்ளப்பட்டது. முற்றிய கதிர் பாதி வயலிலேயே கொட்டிப் போயிருந்தது. மீதியை அறுத்தோம்.

பாஸ்கா ஞாயிறு காலையில் பண்ணை வீட்டார் கோயிலுக்கு வந்தார்கள். மகன் நேராகப் பாடற்குழுவுக்கு வந்து, பழைய இடத்தில் உட்கார்ந்து, கிட்டாரை எடுத்தார். அவரை என்ன சொல்லி அழைப்பது என்று எனக்கு அன்றும் தெரியவில்லை. அம்மா "சின்னய்யா" என்பாள். எனக்கு அது வாயில் வராது.

இரண்டு கார்டு வாசித்தார். நிறுத்திவிட்டுக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"யாரு இதைச் செதுக்குனது?"

"ஆசாரியண்ணன். நான்தான் சொன்னேன்."

"கையில நிக்கவே மாட்டேங்குதே. கட்டைவிரல் எங்க வைக்கிறதுன்னு தெரியல." கோபமாகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னார். மறுபடி ஓரத்தை மேலும் கீழும் தடவினார். "ஓரம் நல்லாருக்கு. இந்த நுனிங்க என்னையும் குத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"ராவச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"தோணல" என்றார். கிட்டாரை என்னிடம் நீட்டினார்.

சாமி பீடத்துப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பூசை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "நுனியை ராவறதுன்னு சொல்லிட்டுக் கழுத்தையே இழைச்சிருக்கே. கோயில் சொத்தும்மா அது" என்று பத்து நிமிஷம் திட்டினார். ஆசாரியிடம் பொய் சொன்னதையும் அப்போதே சொல்லிவிட்டேன். அதற்குத் தனியாகத் திட்டினார். கிட்டாரைத் திருப்பிக் கேட்கவில்லை.

அடுத்த மாதம் பண்ணை வீட்டு மகன் திருச்சியிலிருந்து புதுக் கிட்டார் வாங்கிவந்தார். எனக்கு வேதாரண்யம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்கும் வரை, ஏறக்குறைய இரண்டு வருஷம், அந்தப் பக்கம் ஒன்று இந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு கிட்டார்கள் ஒலித்தன. சுருதி சேர்க்கும்போது மட்டும் பேசிக்கொள்வோம்.

"ஒங்க ரெண்டாவது கம்பி எறங்கியிருக்கு" என்பேன்.

காதைக் கிட்டே வைத்துக் கேட்டுவிட்டு, முறுக்காணியைக் கொஞ்சம் திருப்பி, "இப்ப?" என்பார்.