பொலிவியாவில் ஒரு கபுர்

அவனுக்கு ஊர் ஓட்டமாவடி. எனக்கு வவுணதீவு. ஒரே மட்டக்களப்பு மாவட்டத்தில் அத்தனை கிட்ட வளர்ந்தும் ஊரில் நாங்கள் ஒருவரையொருவர் கண்டதில்லை. கத்தாரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, என் பேச்சை வைத்து அவன்தான் கண்டுபிடித்தான். அதன்பிறகு ஓய்வு நாட்களில் ஒன்றாகத்தான் திரிந்தோம்.

வேலை ஒப்பந்தம் முடிய ஆறேழு மாதம் இருந்தபோது, போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை உப்பு. பொலிவியா என்றான்.

“ஊருக்குப் போனா நீ வட்டைக்குள்ள இறங்கிருவாய், நான் காக்காட அரிசிக் கடையில குந்திருவன். அதுக்கு முந்தி இத ஒருக்காப் பாப்பம் மச்சான்.”

“அங்க போய்த் திரியிற அளவுக்குக் கையில என்ன கிடக்கு?”

“ரோட்டில கை காட்டி ஏறுவம். மிஷின்ல தொங்கி வட்டைக்குப் போன ஆள்தானே நீ?”

உண்மைதான். உழவு மிஷின் பெட்டியில் ஏறி வயலுக்குப் போய் வளர்ந்தவன் நான். விசாவுக்கு அலைந்தது தனிக்கதை. ஒப்பந்தம் முடிந்ததும் எப்படியோ போய் இறங்கினோம்.

முதலில் வெக்கையான தாழ்நிலம். எங்கள் ஊரைப்போலவே வியர்த்தது. அங்கிருந்து மரக்கறி லொறி, சீமெந்து லொறி, ஆடுகளோடு ஒரு பிக்கப் என்று ஏறி ஏறி மலைக்குப் போனோம். சந்தைகளில் பாணும் அவித்த முட்டையும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டான். ஹலால் இல்லாத இறைச்சியைத் தொடமாட்டான். எனக்குப் பக்கத்தில் இருந்து, “நீ தின்னு, எனக்குப் பிரச்சின இல்ல” என்பான். சாரதிமார் மென்ற கொக்கா இலையை வாங்கி மென்று, “வெத்திலைக்குக் கிட்டவும் வராது” என்று துப்பினான். இலங்கை எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம், கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, இவ்வளவுதான் என்று காட்டினான். ஒவ்வொரு லொறியிலும் சிரிக்க வைத்தான்.

மேலே போகப் போக இருமத் தொடங்கினான். குளிர் என்று நினைத்தோம். உப்பு வெளியில் நின்றபோது படம் எடுக்கக்கூட அவனுக்கு மூச்சுப் போதவில்லை. “கண்ணால பாத்தாச்சு, அது போதும்” என்று என் தோளில் சாய்ந்தான். அங்கே ஒருவர் அவன் உதடு நீலம் பாய்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, காற்றுக் குறைந்த உயரம் இது, உடனே கீழே கொண்டுபோ என்று சைகையால் சொன்னார்.

மறித்த முதல் லொறி நின்றது. தொப்பி போட்ட வயதான சாரதி, தன் கம்பளியை எடுத்து அவனுக்குப் போர்த்தினார். விடியும்போது மலையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தோம். அவன் தலை என் மடியில். நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல ஒரு சத்தம். பிறகு அந்தச் சத்தம் நின்றது. நான் தமிழில் கத்தினேன். சாரதி வண்டியை ஓரங்கட்டி, அவன் மூக்கருகே கை வைத்துப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

இறங்கிய நகரத்திலிருந்து அவனுடைய காக்காவுக்கு, அவன் அண்ணனுக்கு, போன் எடுத்தேன். எங்கே, எப்போது என்று மட்டும் கேட்டார். பிறகு, “மய்யத்த வச்சிரிக்கப் படாது தம்பி. அங்கேயே அடக்குங்க. ஒரு முஸ்லிமாவது இரிக்காரா எண்டு பாருங்க” என்றார்.

சாரதி என்னை விட்டுப் போகவில்லை. கடை கடையாக விசாரித்து, பாட்டனார் லெபனானிலிருந்து வந்து குடியேறிய ஒரு துணிக்கடைக்காரரைத் தேடிப் பிடித்தார். அவரும் வளர்ந்த மகன்மார் இருவரும் வந்தார்கள். அவர் குளிப்பாட்ட, நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். உடலைச் சுற்றும் கபன் துணி அவருடைய கடையிலிருந்தே வந்தது. ஊர் மயானத்தில், மதிலோரம் ஒரு மூலை கிடைத்தது. மூவர் நின்று தொழுதார்கள். பின்னால் நானும் சாரதியும்.

ஊருக்கு வந்த மறுநாளே அவனுடைய பையோடு ஓட்டமாவடிக்குப் போனேன். அவனுடைய உம்மா அழுது ஓய்ந்திருந்தா. என்னைப் பக்கத்தில் இருக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கேட்டா.

“கண்ண மூடினது ஆரு மனே?”

“நான்தான் உம்மா.”

“கலிமாச் சொன்னானா?”

“வாய் அசைஞ்சது உம்மா. சத்தம் கேக்கல்ல.”

தலையாட்டினா. “கபுர்ல மேக்குப் பாத்துத்தானே வச்சீங்க?”

 அந்த மயானத்தில் நானும் இதையே கேட்டிருந்தேன். துணிக்கடைக்காரர் போனைப் பார்த்துவிட்டு, சூரியன் வரும் பக்கத்தைக் காட்டியிருந்தார்.

“கிழக்க பாத்து உம்மா. அங்க இருந்து மக்கா கிழக்கால.”

உம்மாவுக்கு விளங்கவில்லை. மேற்கே தொழுகைப் பாய் விரித்திருந்த பக்கத்தைப் பார்த்தா, திரும்பிக் கிழக்கு வாசல் பக்கம் பார்த்தா. “அவ்வளவு தூரமா போனான்?” என்று கேட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. இறந்த செய்தி கேட்டபோது இப்படி அழவில்லை என்று காக்கா பிறகு சொன்னார்.

சாப்பாடு வைத்தார்கள். உம்மா பார்த்துக்கொண்டிருந்ததால் முழுவதும் சாப்பிட்டேன். பிறகு, லொறிகளைப் பற்றிச் சொல்லச் சொன்னா. கையில் தண்ணீர் விட்டு நாட்டைக் காட்டியதைச் சொன்னபோது, “சின்னதிலயும் அவன் இப்பிடித்தான்” என்றா.

கபுரைப் படம் எடுத்திருந்தேன். பார்க்கமாட்டேன் என்று முதலில் சொன்ன உம்மா, நான் எழும்பும்போது கை நீட்டினா. மண் மேடு, தலைமாட்டில் ஒரு கல், பின்னால் மொட்டை மலை. போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வெகுநேரம் பார்த்தா.

“மரம் ஒண்டும் இல்லயே மனே. வெயில் படுமே.”

“அங்க குளிர் உம்மா. வெயில் பட்டா நல்லம்.”

“அப்ப சரி” என்றா. போனைத் திருப்பித் தரவில்லை. காக்கா மெதுவாக வாங்கித் தந்தார்.