கல்யாணத் திரையில் வந்த பாடை

திருவொற்றியூரில் நானும் என் கணவரும் ஸ்டூடியோ நடத்துகிறோம். வீடியோ எடுப்பது அவர், எடிட்டிங் நான். கல்யாணமும் எடுப்போம், சாவு ஊர்வலமும் எடுப்போம்.

போன மாதம் ராயபுரத்தில் ஒரு விசைப்படகுக்காரர் வீட்டு ரிசப்ஷன். மேடையோரத்து எல்.இ.டி. திரையில் நிச்சயதார்த்த வீடியோவை ஓட்டினோம். மோதிரம் மாற்றும் இடத்தில், சாமந்திப்பூ மூடிய பாடை ஒன்று திரை முழுக்க வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கணவர் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினார்.

பெண்ணின் அம்மா என்னிடம் வந்தார். "இன்னாம்மா, நல்ல நாள் அதுவுமா இத்தக் காட்டிகினு கீற?" என்றார். குரல் உயரவில்லை.

மெமரி கார்டை அழித்ததும் எங்கள் கேமரா ஃபைல்களுக்கு மறுபடி ஒன்றிலிருந்து எண் போடும். அதனால் மோதிரக் காட்சிக்கும் பாடைக்கும் ஒரே ஃபைல் பெயர். கம்ப்யூட்டரில் இடம் போதாமல் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றியபோது, எடிட்டிங் சாஃப்ட்வேர் பழைய இடத்தில் ஃபைலைக் காணாமல் தேடி, பெயரை மட்டும் பார்த்துப் பாடையை எடுத்துக்கொண்டது.

இப்போது ஃபைல்களை இறக்கியதுமே அந்தந்த வீட்டின் பெயரை வைத்துவிடுகிறேன். சாவு வீடியோவுக்குத் தனி டிஸ்க். கொடுக்கும் முன் கடைசிவரை ஓட்டிப் பார்க்கிறேன். அன்று நான் பார்த்தது முதல் நிமிடம் மட்டும்தான்.