என் காலுக்குக் கட்டுப்படாத வலி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு கார்த்திகை மாதம். நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் கிராமத்தில் நடந்தது இது. என் மகள் அப்போது ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். மூவாயிரம் மீட்டர் ஓட்டத்தில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்து, மாநிலப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தாள். அதில் நன்றாக ஓடினால் விளையாட்டு இட ஒதுக்கீட்டில் நல்ல கல்லூரியில் இடம் கிடைக்கும் என்று பள்ளியில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மேலே சொல்வதற்கு முன் என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் பிறந்தபோது தலைக்குப் பதிலாகக் கால்தான் முதலில் வெளியே வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவிவிட்டால் சுளுக்கும் பிடிப்பும் போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். தக்காளியும் சாமந்தியும் பயிர் செய்கிறேன். நாலு பேர் கூடும் இடத்தில் வாய் திறக்கத் தெரியாது. ஆனால் யாருக்காவது இடுப்புப் பிடித்துக்கொண்டால் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். என்னைவிட மூத்தவர்கள்கூடக் குப்புறப் படுத்துக்கொண்டு, "வெக்கப்படாம மிதிடா" என்பார்கள். மிதித்துவிட்டு அவர்களையே கும்பிட்டுக்கொள்வேன். பெண்கள் வந்தால் சுவரைப் பார்த்தபடிதான் காலை நீட்டுவேன். ஒருமுறை அப்படி நீட்டியதில், பக்கத்தில் கிடந்த அரிசி மூட்டையை வெகுநேரம் நீவிக்கொண்டிருந்திருக்கிறேன். என் மனைவி இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

ஊர் என்னைத் தேடி வருவது இந்த ஒன்றுக்காகத்தான். அதில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது. மகளுக்கும் அது தெரியும். ஒன்பதாவது படிக்கும்போது பள்ளி மைதானத்துப் பள்ளத்தில் அவள் கணுக்கால் பிசகி வீங்கிவிட்டது. நீவிவிட்டேன். சில நாளில் வீக்கம் வடிந்து ஓட ஆரம்பித்தாள். "எங்கப்பா காலு பட்டா போதும்" என்று தோழிகளிடமெல்லாம் சொல்லி, கபடி ஆடும் பெண்கள் சிலரை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள்.

மாநிலப் போட்டிக்குத் தேர்வானதும் அவள் ஓட்டம் அதிகமானது. விடியும் முன்பே தார் ரோட்டில் ஓடுவாள். நான் மொபெட்டில் பின்னாலேயே விளக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டு போவேன். "என்னப்பா, வண்டி ஓட்டறியா, உருட்டறியா? எம்பின்னாடி கூட வர முடியல உன்னால" என்று ஓடிக்கொண்டே கேலி செய்வாள். சாயந்திரம் மறுபடியும் மைதானத்தில் ஓட்டம். ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வில்லை. ஷூவின் அடி தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தது.

ஒருநாள் சாயந்திரம் ஓடிவிட்டு வந்து உட்கார்ந்தவள், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ப்பா, இங்க சுளுக்கிக்கிச்சு. கொஞ்சம் நீவி வுடு."

நீவிவிட்டு, "போயிடுச்சா கண்ணு?" என்றேன்.

"போயிடுச்சுப்பா."

மறுநாளும் அதே வலி. அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு முறையும் நான் கேட்பேன், அவள் போயிடுச்சு என்பாள். பிறகு அது தினசரி வழக்கமாகவே ஆகிவிட்டது. படியில் இறங்கும்போது அவள் காலைச் சாய்த்து வைப்பதாக என் மனைவிதான் சொன்னாள். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தது. பள்ளியின் பி.டி. டீச்சர் போன் செய்தார். அவர் பேசினாலே நான் எழுந்து நின்றுகொண்டு "சரிங்க, சரிங்க" என்று மட்டும் சொல்வேன். அன்றும் அப்படித்தான். "புள்ள கால இழுத்து இழுத்து ஓடுதுங்க. கேட்டா ஒண்ணுமில்லங்குது. நாளைக்கே எலும்பு டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க" என்றார்.

தர்மபுரியில் டாக்டர் இளம் பெண். மகளிடம், "வலி எங்க இருக்கு? ஒரே விரலால தொட்டுக் காட்டு" என்றார். மகள் சரியாக ஒரு இடத்தைத் தொட்டாள். டாக்டர் அங்கே அழுத்தியதும் அலறிவிட்டாள். அந்தக் காலில் மட்டும் நின்று குதிக்கச் சொன்னார். அவளால் முடியவில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "எலும்புல லேசா விரிசல் விட்டிருக்குங்க" என்றார்.

"விழவே இல்லீங்களே டாக்டர், எப்படிங்க?" என்றேன்.

"விழுந்தாத்தான்னு இல்லீங்க. கட்டுக்கம்பிய ஒரே இடத்துல தினமும் மடக்கி மடக்கி நிமித்தினா என்ன ஆவும்? அதுதான். எலும்புக்கு ஆறறதுக்கு நேரம் குடுக்காம ஓடிட்டே இருந்திருக்கா." பிறகு மகளைப் பார்த்து, "எத்தன நாளா வலிக்குது?" என்றார்.

அவள் என் பக்கம் திரும்பாமல் சொன்னாள். "ரெண்டு மாசமா. ஒருநாள்கூட முழுசா போவல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தினமும் போயிடுச்சுன்னு சொன்னியே சாமி?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"ஊருக்கே உங்காலு பட்டா செரியாவுது. பெத்த பொண்ணுக்கு மட்டும் செரியாவலன்னு தெரிஞ்சா உனக்கு எப்படி இருக்கும்? நாலு பேரு என்ன பேசுவாங்க? அதான்பா."

டாக்டருக்கு எதுவும் புரியவில்லை. நான்தான் திக்கித் திணறி, கால் முன்னே பிறந்த கதையைச் சொன்னேன். திட்டுவார், இல்லாவிட்டால் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர், "எனக்கும் சின்ன வயசுல எங்கம்மா ஒருத்தர்கிட்ட மிதிக்க வெச்சாங்க. பிடிப்பெல்லாம் தானா வுட்டுப் போயிடும்ங்க. இது அப்படி இல்ல. இதே காலோட ஓடினா ரெண்டா முறிஞ்சாலும் முறிஞ்சிடும். போட்டிக்கு அனுப்பாதீங்க" என்றார். அவ்வளவுதான். ஏளனமாக ஒரு வார்த்தை இல்லை.

பஸ்ஸில் வரும்போது மகள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். "ஒரே ஒரு ஓட்டம்ப்பா. ஊசி போட்டுட்டு ஓடிட்டு வந்துடறேன். அப்புறம் எத்தன மாசம் வேணாலும் படுத்துக்கறேன்." எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை.

வீட்டுக்கு வந்தால், மனைவிக்கு நான் போனில் சொன்ன விஷயம் எங்களுக்கு முன்பே ஊருக்குள் பரவியிருந்தது. என் பெரியம்மா, பக்கத்து வீட்டுக்காரர்கள், மாநிலப் போட்டிக்கு வழியனுப்ப பேனர் வைப்பதாகச் சொல்லியிருந்த பங்காளிகள் என்று வாசல் நிறையக் கூட்டம்.

"டாக்டரு ஆயிரம் சொல்லுவாங்க. நீ நல்லா அழுத்தி ஒரு மிதி மிதிச்சு அனுப்புடா. உங்காலு என்னைக்குப் பொய்யா போயிருக்கு?" என்றார் பெரியம்மா.

"ஆமாண்ணா, போன மாசம் எங்கூட்டுக்காரருக்கு மிதிச்சியே, அன்னைக்கே ஏர் ஓட்டப் போயிட்டாரே" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் ஆசை இருந்தது. கூடவே, எனக்காகப் பயந்த பயமும் இருந்தது. நான் சரி என்றால் அன்று ராத்திரியும் போயிடுச்சு என்றுதான் சொல்லியிருப்பாள்.

அத்தனை பேர் முன்னால் நான் அதுவரை பேசியதே இல்லை.

"இதுக்கு எங்காலு ஆவாதுங்க" என்றேன். "ரெண்டு மாசமா நீவிட்டுத்தான் இருக்கேன். செரியாவல. எம்மேல பாசத்துல புள்ள பொய் சொல்லியிருக்குது. எலும்புல விரிசல் வுட்டிருக்குங்க. இந்தத் தடவ அவ ஓட மாட்டா."

பெரியம்மா முகவாயில் கை வைத்துக்கொண்டு, "இவனுக்கு இவ்ளோ பேச வருமாடி?" என்று என் மனைவியைக் கேட்டார். அழுதுகொண்டிருந்த மகளே சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே வந்து என் தோளில் முகத்தை வைத்து மறுபடி அழுதாள்.

அன்றே டீச்சருக்கு நானாகவே போன் செய்து சொன்னேன். "பரவால்லீங்க, ஓட்டம் எங்கயும் போயிடாது. கால பாத்துக்கங்க" என்றார் அவர். போட்டி நடந்த நாளில் மகள் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டாள், சாப்பிடவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன், கையால்.

எலும்பு கூட நாளானது. டாக்டர் சொன்னபடி முதலில் நடை, பிறகு மெதுவான ஓட்டம், வாரத்தில் கட்டாய ஓய்வு. அடுத்த வருடம் மாநிலப் போட்டிக்குப் போனாள். பரிசு கிடைக்கவில்லை. விளையாட்டு ஒதுக்கீடு இல்லாமலே சேலத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்து, அங்கேயும் ஓடுகிறாள்.

இடுப்புப் பிடித்தவர்கள் இன்றும் என்னிடம் வருகிறார்கள். எலும்பில் வலி, ஒரே இடத்தில் குத்துகிறது என்றால் டாக்டரிடம் போகச் சொல்லிவிடுகிறேன். சிலருக்கு அதில் வருத்தம்தான்.

போன வாரம் விடுதியிலிருந்து மகள் போன் செய்தாள். "ப்பா, குதிகால் வலிக்குது. இன்னைக்கு ஓடப் போவல, டாக்டர்கிட்ட போறேன்" என்றாள். பிள்ளைக்கு வலி என்று கேட்டால் எந்தத் தகப்பனுக்கும் மனசு பதறும். எனக்கும் பதறியது, ஆனால் அதை ஒளிக்காமல் என்னிடம் சொல்கிறாளே என்ற நிம்மதி, அவள் மாநிலப் போட்டியில் ஜெயித்து வந்திருந்தால் வந்திருக்கும் சந்தோஷத்தைவிடப் பெரியது.