ஓயாத கால்

கட்டிய புருஷனை ராத்திரியெல்லாம் உதைக்கிறவள் என்று தர்மவதியைக் கேலி பேசாதவர்கள் செஞ்சிக் கடைத்தெருவில் குறைவு. பேச்சைக் கிளப்பிவிட்டதே அவள் புருஷன் நேமிராஜ்தான். மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் முழங்காலில் கன்றிய இடத்தைக் காட்டிச் சிரிப்பார்.

உதை உண்மைதான். படுத்தால் போதும், அவள் கால்களுக்குள் எறும்பு ஊரும். நீட்டினால் மடக்கச் சொல்லும், மடக்கினால் நீட்டச் சொல்லும். ஆனால் மனிதர் சொல்லாத பாதி ஒன்று உண்டு. அவருடைய குறட்டை எட்டு ஊருக்குக் கேட்கும். நடுவில் சட்டென்று நின்றுபோகும், மூச்சும் சேர்ந்து. விழித்துக் கிடக்கும் தர்மவதி அப்போது வேண்டுமென்றே ஓர் உதை விடுவாள். அவர் திடுக்கிட்டு மூச்சை இழுத்துக்கொண்டு புரண்டு படுப்பார்.

கால் தொல்லைக்காக அவள் போய்ப் பார்த்த புதுச்சேரி டாக்டர் எல்லாம் விசாரித்துவிட்டு, "இது இருக்கறவங்க சிலருக்குத் தூக்கத்துல மூச்சு நிக்கறதும் சேர்ந்து இருக்கும். உங்களுக்குக் குறட்டை உண்டாம்மா?" என்று கேட்டார்.

"எனக்கில்ல சார், எங்க வீட்டுக்காரருக்கு. நடுவுல மூச்சே நின்னுடுது. நான்தான் ஒதச்சி எழுப்புறேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். உடனே அவரை அழைத்து வரச் சொன்னார். அவளுக்கும் மாத்திரை கொடுத்தார்; போட்டால் கால் அடங்கும், நல்ல தூக்கம் வரும்.

நேமிராஜ் அசையவில்லை. "கொறட்டைக்கு இன்னாத்துக்கு டாக்டரு? எங்க நைனா விடாத கொறட்டையா?" என்பார். அந்த நைனா ஐம்பது வயதைப் பார்க்கவில்லை என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுவார். பிடிவாதத்துக்கு எந்த மெடிக்கலில் மருந்து விற்கிறார்கள்?

மாத்திரை அப்படியே கிடந்தது. அவளும் தூங்கிவிட்டால் அவரை யார் எழுப்புவது? மழைக்காலம் முழுக்கக் காவல் கிடந்தாள், பாவம். ஒருநாள் அடுப்படியில் நின்றபடியே கண் செருகி, கொதிக்கிற ரசத்தைக் கையில் கொட்டிக்கொண்டாள். வெந்த கையைப் பார்த்த பிறகுதான் நேமிராஜ் இறங்கி வந்தார்.

"இன்னிக்கி மாத்திரயப் போட்டுனு தூங்கு. நாளைக்கிக் காலைல பாண்டி போலாம். சத்தியமா வரேன்."

சமணர் வீடு, பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீரும் வாயில் படாது. படுக்கும்போது யோசித்துப் போட்டுக்கொள்ளலாம் என்கிற வழியே இல்லை. வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டு மாத்திரையை விழுங்கிவிட்டாள். இருட்டியதும் பயம் பிடித்துக்கொண்டது. விழுங்கியதை என்ன செய்வது? ஒரு ராத்திரிதானே என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். கால்கள் அடங்கின. அடித்துப் போட்டாற்போலத் தூக்கம் வந்தது.

விடிந்து கண் திறந்தபோது உடம்பு பஞ்சுபோல் லேசாக இருந்தது. அந்தச் சுகத்தோடேயே பக்கத்தில் கையைப் போட்டாள். நேமிராஜ் சில்லிட்டுக் கிடந்தார்.

இதயம் நின்றுவிட்டது என்று உள்ளூர் டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். கூடம் நிறைய ஜனம். நாத்தனார் திரிசலா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"புண்ணியவான் அண்ணி எங்க அண்ணன். ஒரு நோவு நொடி இல்லாம தூக்கத்துலயே போயிட்டாரு. இந்தச் சாவு யாருக்குக் கெடைக்கும்?"

தர்மவதி அவள் கையை விலக்கினாள்.

"அவரு எங்க தூங்குனாரு? தூங்குனது நானு."